தேதி இல்லாத பிடி-எல்1 அறிக்கை: புற்றுநோய் சிகிச்சைக் குழுக்களுக்கும் நோயியல் ஆய்வகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பிடி-எல்1 என்ற புரதம் எத்தனை புற்று செல்களில் இருக்கிறது என்பதை 'பிடி-எல்1: 40 சதவீதம்' என்று ஒற்றை வரியில் சொல்லும் அறிக்கையை வைத்து நோயெதிர்ப்பு மருந்தை முடிவு செய்கிறீர்கள். அந்தத் திசு கதிர் சிகிச்சைக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று பல அறிக்கைகளில் இருப்பதில்லை. பிடி-எல்1 ரத்த வகையைப் போல மாறாத அடையாளம் அல்ல, காய்ச்சல் அளவைப் போன்றது. எப்போது பார்த்தது என்று தெரியாத காய்ச்சல் கணக்கை நம்பி யாரும் மருந்து எழுதுவதில்லை. பிடி-எல்1 விஷயத்தில் அது நடக்கிறது.

புற்று செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இந்தப் புரதம், நோயெதிர்ப்பு அணுவான டி செல்லின் பிடி-1 என்ற ஏற்பி மேல் பொருந்தி அதன் தாக்குதலை நிறுத்துகிறது. கதிர் பட்டால் இது இரண்டு வழிகளில் கூடலாம். ஒன்று செல்லுக்குள்ளேயே நடப்பது: டிஎன்ஏவின் இரு இழைகளும் அறுந்ததும் ஏடிஎம், ஏடிஆர், சிஎச்கே1 ஆகிய பழுது உணரும் நொதிகள் விழித்து, ஸ்டாட், ஐஆர்எஃப்1 ஆகிய சமிக்ஞைப் புரதங்கள் வழியாக பிடி-எல்1 மரபணுவை முடுக்குகின்றன. மற்றது வெளியிலிருந்து வருவது: கட்டிக்குள் நுழையும் சிடி8 டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்க, புற்று செல் அதற்கு எதிர்வினையாகக் கேடயத்தைத் தூக்குகிறது. 2014இல் வெளிவந்த எலி ஆய்வொன்றில் 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் 5 தவணை கொடுத்தபோது பிடி-எல்1 உயர்ந்தது. சிடி8 செல்களை நீக்கியதும் அந்த உயர்வு காணாமல் போனது. பிடி-எல்1ஐத் தடுக்கும் மருந்தைக் கதிரோடு சேர்த்துத் தொடங்கியபோது பலன் கிடைத்தது, கதிர் முடிந்து 7 நாள் கழித்துத் தொடங்கியபோது கிடைக்கவில்லை.

எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட முடியாது. அறுவைக்கு முன் கதிர் பெற்றவர்களின் திசுக்களை ஒப்பிட்டால் சிலரிடம் பிடி-எல்1 ஏறியிருக்கிறது, சிலரிடம் இறங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான் தேதி முக்கியமாகிறது.

அறுவை செய்ய இயலாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றைப் பாருங்கள். பசிஃபிக் ஆய்வில் 713 பேர். கீமோவும் கதிரும் சேர்த்துப் பெற்று, நோய் முற்றாதவர்களுக்கு அடுத்த 42 நாட்களுக்குள் பிடி-எல்1ஐத் தடுக்கும் துர்வாலுமாப், கிலோவுக்கு 10 மில்லிகிராம், இரு வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு வரை. ஐந்தாண்டில் உயிரோடிருந்தவர்கள் 42.9 சதவீதம், மருந்தற்ற பிரிவில் 33.4. ஐரோப்பிய அனுமதி பிடி-எல்1 1 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மட்டுமே. ஆனால் அந்த 1 சதவீதம் கதிருக்கு முந்தைய திசுவில் அளந்தது. 60 கிரே வாங்கிய கட்டியிலிருந்து புதிதாக பயாப்ஸி எடுத்து அதே கோட்டை அதன்மேல் போடுவது, ஆய்வு செய்யாத ஒன்றைச் செய்வதாகும்.

கதிர் பட்ட திசு ஆய்வகத்திலும் தொல்லை தரும். உயிருள்ள புற்று செல்கள் நூறாவது வேண்டும். இங்கே பாதி இடம் தழும்பும் அழுகலும். அழுகிய பகுதி சாயத்தைக் கண்டபடி பிடிக்கும். சுத்தம் செய்ய வரும் மேக்ரோஃபேஜ்களிலும் பிடி-எல்1 உண்டு. புற்று செல்களை மட்டும் எண்ணும் டிபிஎஸ் கணக்கில் அவற்றைச் சேர்த்துவிட்டால் எண் பொய்யாக உயரும். நோயெதிர்ப்பு அணுக்களையும் எண்ணும் சிபிஎஸ் கணக்கிலோ அவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும். எலும்புத் திசுவை அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கினால் சாயம் மங்கலாம். வெட்டி வைத்து மாதக்கணக்கான ஸ்லைடுகளும் அப்படியே. சாயமிடப் பயன்படும் சோதனைகளில் எஸ்பி142 மற்றவற்றைவிடக் குறைவான புற்று செல்களையே காட்டும் என்பதால் 22சி3, எஸ்பி263 எண்களோடு அதை நேருக்கு நேர் வைக்க முடியாது.

'கதிர் பிடி-எல்1ஐக் கூட்டுகிறது, ஆகவே மருந்தையும் கூடவே கொடுப்போம்' என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தலை-கழுத்துப் புற்றில் பிடி-எல்1ஐத் தடுக்கும் அவெலுமாபைக் கீமோ-கதிரோடு சேர்த்த ஜாவெலின் ஆய்வு 697 பேரிடம் தோற்றது. நுரையீரலில் துர்வாலுமாபைக் கீமோ-கதிரோடு சேர்த்தே தொடங்கிய பசிஃபிக்-2 ஆய்வும் தோற்றது. கருப்பை வாய்ப் புற்றிலோ பிடி-1ஐத் தடுக்கும் பெம்ப்ரோலிசுமாப் கீமோ-கதிரோடு சேர்ந்து வென்றது. டி செல்கள் உள்ளிட்ட லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் சில கிரேயிலேயே மடிந்துவிடும். நிணநீர் முடிச்சுகளை முழுக்கக் கதிர்ப்புலத்தில் வைத்தால் டி செல்கள் எங்கிருந்து வரும் என்பது நியாயமான சந்தேகம். ஆனால் கருப்பை வாய்ப் புற்றிலும் இடுப்பு முடிச்சுகளுக்குக் கதிர் போகிறது, ஆகவே அது முழு விளக்கமாகாது.

சோதனைக் கோரிக்கைப் படிவத்தில் கதிர் விவரத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கும்படியும், அதை நிரப்பாத மாதிரியைத் திருப்பி அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறோம். அறிக்கை வரி இப்படி அமைந்தால் போதும்: 'திசு எடுத்தது: கதிர் முடிந்து 19ஆம் நாள், கதிர்: 60 கிரே, 30 தவணை, எடுத்த இடம் கதிர்ப்புலத்துக்குள், எஸ்பி263, டிபிஎஸ் 40 சதவீதம், உயிருள்ள புற்று செல்கள் சுமார் 150, கதிருக்கு முந்தைய திசு பிளாக் (மெழுகில் பதித்த திசு) இருக்கிறது, அதில் டிபிஎஸ் 5 சதவீதம்.'