என்ஜின் எண்ணெய்க் கசிவு: பசை பூசுமுன் கசியும் இடத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் குறிப்பிட்ட காலத்திற்கு வண்டி வைத்திருக்க உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம் மோட்டார்சைக்கிளுக்கு 2022ஆம் ஆண்டில் 10,000 வெள்ளியைக் கடந்தபோது, புது வண்டி வாங்கும் எண்ணத்தை ஒத்திப்போட்டு, கையில் இருக்கும் பழைய வண்டியின் சான்றிதழை ஐந்து அல்லது பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டவர்கள் நம்மிடையே பலர். உணவு விநியோகத்திற்கும், இரவு நேர வேலைக்கும், மலேசியாவுக்குச் செல்லும் கடற்பாலத்தைக் கடந்து வந்து போவதற்கும் அந்த வண்டிகளே இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பொதுவாக உள்ள ஒரு குறை என்ஜின் எண்ணெய்க் கசிவு. அதைச் சரிசெய்வதாகச் சொல்லிப் பட்டறைகள் சிலவற்றில் செய்யப்படும் வேலை பற்றியே இக்கடிதம்.

மூன்றாண்டைக் கடந்த மோட்டார்சைக்கிள்கள் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. சோதனைத் தேதி நெருங்கும் வாரத்தில்தான் பலரும் கசிவைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அவசரத்தில் வரும் வாடிக்கையாளருக்கு அவசரமான தீர்வே கிடைக்கிறது: ஈரமாகத் தெரியும் இடத்தைத் துணியால் துடைத்து, இணைப்பின் மேல் வெளிப்புறமாகச் சிலிக்கோன் பசையை இழுகிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளிருந்து வரும் எண்ணெயை வெளியில் பூசிய பசை நெடுநாள் தடுக்காது. சோதனை முடிந்த சில வாரங்களில் அதே இடம் மீண்டும் நனைகிறது. பல வேளைகளில் அது கசிவு தொடங்கும் இடமாகக்கூட இருப்பதில்லை.

எண்ணெய் கசிந்த இடத்திலேயே நிற்பதில்லை. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஓட்டும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே என்ஜினின் அடிப்பகுதி முழுதும் நனைந்திருந்தாலும், தேட வேண்டியது நனைந்த பகுதியிலேயே மிக உயரமாகவும் மிக முன்னாலும் இருக்கும் புள்ளியை. என்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் கேஸ்கெட்டில் (இணைப்பின் நடுவே வைக்கும் அடைப்பில்) தொடங்கும் கசிவு சிலிண்டரின் வழியே இறங்கி, என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் இணைப்பு விட்டுப்போனதைப் போல் தோற்றம் காட்டும். இதை அறியாமல் என்ஜினையே பிரிக்கச் சொல்பவரும் உண்டு. சங்கிலிக்கு அடித்த எண்ணெய், சங்கிலியை இழுக்கும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியினுள் தெறித்துத் தேங்குவதைக் கண்டு, சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் நன்றாக இருந்தும் அதை மாற்றியவர்களும் உண்டு.

மூலத்தைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆறிய என்ஜினை எண்ணெய்ப்பிசுக்கு நீக்கும் திரவத்தால் நன்றாகக் கழுவி, முழுவதும் உலரவிட்டு, குழந்தைகளுக்குப் போடும் பவுடரைச் சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் மெல்லியதாகத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் விளக்கில் பார்த்தால், பவுடர் முதலில் கறுத்திருக்கும் இடமே விடையைச் சொல்லும். மிக மெதுவான கசிவாக இருந்தால், எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் இருக்கிறது. இந்த ஒரு மணிநேர வேலையைத் தவிர்த்துவிட்டுச் செய்யப்படும் எந்தப் பழுதுபார்ப்பும் ஊகம்தான் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, பெரும்பாலானோர் திரும்பியும் பார்க்காத பிரீதர் குழாய். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிதளவு வாயு எப்போதும் கிராங்க்கேஸினுள் இறங்கிக்கொண்டே இருக்கும்; அது வெளியேறும் வழி இக்குழாய். குழாய் நசுங்கியிருந்தாலும், குறுகிய தூரப் பயணங்களால் எண்ணெயும் நீராவியும் கலந்து உண்டாகும் வெண்குழம்பு அதை அடைத்திருந்தாலும், உள்ளே அழுத்தம் கூடி, இருப்பதிலேயே பலவீனமான சீலின் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். அந்நிலையில் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த சீல் கசியத் தொடங்கும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே தொல்லை நேரலாம். வண்டியைப் பக்கத் தாங்கியில் சாய்த்து வைத்து அளவு பார்ப்பது, அளவுகோலைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டிய ஹோண்டாவின் சிறிய வண்டிகளில் திருகிப் பார்ப்பது போன்ற பழக்கங்களால் அளவு தவறாகத் தெரிகிறது.

உண்மையிலேயே கேஸ்கெட்டோ சீலோ கெட்டிருந்தால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்த ரப்பர் கல்லாக இறுகிவிடும். அதன் மேலுள்ள போல்ட்டைக் கூடுதலாக இறுக்கினால் அலுமினியத்தில் உள்ள திருகு மரைதான் தேயும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது இரும்புத் திருப்புளியைப் பயன்படுத்தி அலுமினியப் பரப்பில் கீறல் போட்டுவிட்டால், புது கேஸ்கெட்டும் அங்கே கசியும். சிலிக்கோன் பசையை நான் முற்றாக மறுக்கவில்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவில் அதற்கு வேலை உண்டு. தேவைக்கு மேல் பூசினால், உட்புறமாகப் பிதுங்கிய துணுக்கு உதிர்ந்து எண்ணெய் வடிகட்டியை அடைத்து, என்ஜினுக்குப் போகும் எண்ணெயையே நிறுத்திவிடக்கூடும். பழைய எண்ணெயை வடிக்கக் கழற்றும் வடிகால் போல்ட்டின் வாஷரோ சில காசு விலையுள்ள பொருள். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட வேண்டும். அதைக்கூட மாற்றாத பட்டறைகள் இருப்பது வியப்பளிக்கிறது.

அதிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றினால் கசிவு நின்றுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது கசிவின் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம், ஓட்டையை அடைக்காது. கார்களுக்கான எண்ணெயையோ கசிவு நிறுத்தும் திரவத்தையோ ஊற்றுவோர், பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் கிளட்ச்சும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதனால் கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் செலவு இன்னும் கூடும்.

2003 ஜூலை 1க்கு முன் பதிவுசெய்யப்பட்ட மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு நம் சாலைகளில் ஓட அனுமதியில்லை என்று அறிவிக்கப்பட்டிருப்பதால், அத்தகைய வண்டி வைத்திருப்போர், எஞ்சிய காலத்திற்காகப் பணம் செலவிடலாமா என்று கேட்கிறார்கள். வெளியிலிருந்தே மாற்றக்கூடிய சீல்களையும் மூடிகளின் கேஸ்கெட்டுகளையும் தயங்காமல் மாற்றலாம். என்ஜினை இரண்டாகப் பிரித்தால்தான் தீரும் என்றால், செலவைக் கணக்கிட்டுப் பார்த்து வண்டிக்கு விடைகொடுப்பதே மேல். முன் ஸ்ப்ராக்கெட் சீல் சில மாடல்களில் வெளியிலிருந்தே கழன்று வரும், சிலவற்றில் வராது; எனவே வேலையை ஒப்படைக்குமுன் இதைக் கேட்டறிய வேண்டும்.

சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது என்று விட்டுவிடுவதும் சரியன்று. முக்கால் லிட்டர் அளவே எண்ணெய் கொள்ளும் சிறிய என்ஜினில் கால் லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். பின் சக்கரத்தில் படியும் எண்ணெய் மழை நாளில் விரைவுச்சாலை வளைவில் ஆளையே வீழ்த்திவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புகளின் வாகன நிறுத்துமிடத்தில் சிந்துவது மழைநீரோடு வடிகாலில் இறங்குகிறது. இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி.

காக்கி புக்கிட், சின் மிங், ஊபி போன்ற இடங்களில் திறமையும் நேர்மையும் உள்ள மெக்கானிக்குகள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. பட்டறை உரிமையாளர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டே செயல்கள். ரசீதில் ‘எண்ணெய்க் கசிவு சரிசெய்யப்பட்டது’ என்று மொட்டையாக எழுதாமல், எந்த இடத்தில் கசிந்தது, எந்த கேஸ்கெட் அல்லது சீல் மாற்றப்பட்டது என்பதை எழுதித் தர வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். வண்டி உரிமையாளர்களும் சோதனைக்கு ஒரு மாதம் முன்னதாகவே பட்டறைக்குச் சென்று, பணம் கட்டுமுன் இவ்விரண்டையும் கேட்டுப் பெற வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஈசூன்