வீட்டில் படிக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நம் அரசுப் பாடநூலே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் பற்றித் தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அது சரியா, தவறா என்று இரு தரப்பும் பேசியிருந்தார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. முடிவெடுத்துவிட்ட குடும்பங்கள் மறுநாள் காலையிலேயே திகைத்து நிற்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதிலும் இரண்டாம் வகுப்பைப் பற்றி. பிள்ளைக்கு வாசிப்பு பிடிபட்டுவிட்டதா, இல்லை ஒப்பிக்கிறதா என்பது வெளியில் தெரிகிற வயது அதுதான்.

நாங்கள் ஊமச்சிகுளத்தில் குடியிருக்கிறோம். கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மகளுக்கு ஏழு வயது. முதல் வகுப்பை ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் முடித்தாள். நோட்டில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவளே எழுதிய ஒரு வரியின் நடுவில் விரலை வைத்து, "இது என்ன பாப்பா?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரியின் தொடக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்து, என் விரல் இருக்கும் இடத்தில் நிறுத்தி அந்தச் சொல்லைச் சொல்வாள். தமிழிலும் அதே கதைதான். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நாங்கள் துணிந்ததற்கு அதுவே காரணம்.

விஷயம் வெளியில் தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு பாடத்திட்டத்தைச் சொன்னார்கள். செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொன்னார் ஒருவர். அமெரிக்காவிலிருந்து மொத்தமாகப் பெட்டியில் வரும் இரண்டாம் வகுப்புப் பாடத்தை, ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல், கதைப் புத்தகம் எல்லாம் சேர்த்து, எடுத்துவந்தே காட்டினார் ஒரு தோழி. அதன் கணக்குப் பாடத்தைப் பொறுமையாகப் புரட்டினேன். நாணயப் பாடத்தில் பென்னி, நிக்கல், டைம், குவார்ட்டர். அதாவது 1, 5, 10, 25 சென்ட். நீளம் அளக்க அங்குலமும் அடியும். அந்த நாட்டுப் பிள்ளைக்கு அது அருமையான புத்தகம். கையில் புழங்கும் காசை வைத்துக் கூட்டக் கற்றுக்கொள்ளும். என் மகள் கையில் புழங்குவது பத்து ரூபாய், இருபது ரூபாய். கால் கிலோ மல்லி, அரைக் கிலோ பிச்சி என்று அப்பா போனில் பேசுவதைக் கேட்டு வளர்கிறவள். அவளுக்கு முதலில் டைமையும் நிக்கலையும் அறிமுகப்படுத்தி, பிறகு கூட்டல் கற்பிப்பது இரட்டை வேலை.

மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகங்களையும் பார்த்தேன். சின்ன வகுப்புகளுக்காக 2022-இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டத்தின்படி 2023-இல் இரண்டாம் வகுப்புக்குப் புதிய நூல்கள் வெளியிட்டார்கள். 'ஜாய்ஃபுல் மேத்தமேட்டிக்ஸ்' என்ற கணக்குப் புத்தகம் நன்றாக இருக்கிறது. படம் நிறைய, எண்ணிப் பார்க்கும் வேலையும் நிறைய. அதில் என் மனதில் பதிந்த செய்தி வேறொன்று. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும்தான். சுற்றுப்புறம் பற்றித் தனிப்பாடம் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஏழு வயதில் பிள்ளைக்கு வாசிப்பும் எண்ணும் கைவந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று நாட்டின் பாடநூல் அமைப்பே சொல்கிறபோது, விஞ்ஞானம், கம்ப்யூட்டர், பொது அறிவு என்று எட்டுப் புத்தகம் கொடுக்கும் பாடத்திட்டத்தைப் பார்த்து நாம் ஏன் மலைக்க வேண்டும்?

கடைசியில் நாங்கள் எடுத்தது தமிழ்நாட்டுப் பாடநூல். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல்; மூன்று பருவமாகப் பிரித்திருப்பதால் பிள்ளைக்குக் கனமாகத் தெரியாது. பி.டி.எஃப். ஆக இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். புத்தகத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டை அலைபேசியில் ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான காணொலி வரும்.

ஆனால் எந்த வகுப்புப் புத்தகத்தைத் திறப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் நாத்தனார் மேலூர்ப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ரெண்டாம் வகுப்புக்கு எது நல்லது என்று அவரிடம் கேட்டபோது, "மதினி, புள்ள ரெண்டாப்பா மூணாப்பான்னு பாக்காதீங்க. எந்த எடத்துல நிக்கிதுன்னு பாருங்க. அங்கருந்து ஆரம்பிங்க" என்றார். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அடிப்படையே இதுதானாம். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுக்கிறார்கள். எழுத்து அறியாத பிள்ளை அரும்பிலிருந்து தொடங்கும். அதற்காக அதை யாரும் முதல் வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அவர் பள்ளியில் பயன்படுத்தும் பயிற்சி நூலை எனக்குக் காட்டினார். தோழி காட்டிய அந்த அமெரிக்கப் பெட்டியில் இல்லாத நுட்பம் அதில் இருந்தது.

அவர் சொன்னபடியே மகளைச் சோதித்துப் பார்த்தேன். உயிரெழுத்து பன்னிரண்டும் தெரியும். க, கா, கி, கீ சரியாக வாசிக்கிறாள். கு, கூ வந்ததும் நின்றுவிடுகிறாள். கவனித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஆகாரத்துக்குப் பெரும்பாலும் ஒரே கால். இகரத்துக்கு மேலே ஒரே வளைவு. ஒன்றைக் கற்றால் மற்ற எழுத்துகளுக்கும் போட்டுக்கொள்ளலாம். உகர, ஊகார வரிசை அப்படி இல்லை. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு ஒரு மாதிரி. 247 எழுத்தையும் ஒரே அட்டையில் போட்டுச் சுவரில் மாட்டி, வரிசையாகப் பாடச் சொன்னால் பிள்ளை பாடிவிடும். தனியாக 'மூ' என்று எழுதிக் காட்டினால் விழிக்கும். அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்கினோம். பூ, மூக்கு, தூண், சுண்டல், முறுக்கு என்று அவள் தினமும் சொல்லும் சொற்களாகவே எழுதி, அட்டையாக வெட்டி, கலைத்துப்போட்டு எடுக்கச் சொன்னேன். அது பிடிபட்ட பிறகு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அவளே எடுத்து உட்கார்ந்தாள்.

எந்தப் பாடத்திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பும் பெற்றோர் செய்ய வேண்டியது இந்தச் சோதனை. எந்த எழுத்தில் நிற்கிறது, எந்த எண்ணில் தடுமாறுகிறது என்று தெரியாமல் வாங்கும் புத்தகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வீண்.

கணக்கில் நாங்கள் அதிகம் நம்பியது நூறு மணி கோத்த ஒரு மாலையை. பத்து மணி ஒரு நிறம், அடுத்த பத்து வேறு நிறம், இப்படி மாறி மாறி நூறு வரை. டெல்லியில் இருக்கும் ஜோடோ கியான் அமைப்பு இதை 'கணித மாலை' என்று செய்து விற்கிறது. நாங்கள் விளக்குத்தூண் பக்கம் இரண்டு நிற மணி வாங்கி வீட்டிலேயே கோத்துக்கொண்டோம். "47 எங்க இருக்கு?" என்று கேட்டால் முதலில் ஒன்றிலிருந்து ஒவ்வொரு மணியாகத் தள்ளி எண்ணினாள். சில வாரத்தில் நான்கு நிறத்தை ஒரே தாவாகத் தாவி, பிறகு ஏழு மணி நகர்த்தினாள். இன்னும் கொஞ்ச நாளில், ஐம்பதுக்குப் போய் மூன்று மணி பின்னால் வந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்துகள், ஒன்றுகள் என்று புத்தகத்தில் கட்டம் போட்டிருப்பது அதன் பிறகு அவளுக்குத் தானாகவே விளங்கியது. சிங்கப்பூர் முறை என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதன் அடிப்படையும் இதேதான்: முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண். அதற்கு சிங்கப்பூர்ப் புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

நீட்டலளவைக்கு எங்கள் வீட்டில் பூ இருக்கிறது. தொடுத்த மல்லிச் சரத்தை அப்பத்தா முழம் போட்டபோது ஒரு கணக்கு வந்தது. மகள் தன் சின்னக் கையால் போட்டபோது முழம் கூடிவிட்டது. "அப்போ வாங்குறவங்க யாரை நம்புவாங்க?" என்று அவளே கேட்டாள். ஸ்கேலும் சென்டிமீட்டரும் எதற்கு என்று அந்த இடத்தில் சொன்னது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஏதோ ஒரு தொழில் இருக்கிறது. தையல், இட்லிக்கடை, ஆட்டோ, வயல். பாடநூலில் அந்தப் பக்கம் வரும்போது வீட்டுத் தொழிலை அங்கே கொண்டுவந்து வைக்கலாம்.

வெளிநாட்டு முறைகளை முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் குறுகிய நேரமே இருக்க வேண்டும் என்றார். வாசித்ததைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். இரண்டையும் எடுத்துக்கொண்டோம். ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. கதை முடிந்ததும் கேள்வி–பதில் கிடையாது. அப்பா கடையிலிருந்து வந்ததும் அவருக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒப்பித்தே பழகிய பிள்ளையின் வாயிலிருந்து சொந்த வாக்கியம் வரத் தொடங்கியது இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலத்துக்கு இப்போதைக்குப் பாட்டும் பேச்சும் போதும் என்று விட்டிருக்கிறோம்.

கதைப் புத்தகத்துக்குச் செலவே இல்லை. 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எங்கள் ஊரிலிருந்து நத்தம் சாலையிலேயே இருக்கிறது. சிறுவர் பகுதியில் பிள்ளையை விட்டால் கிளம்ப மனம் வராது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை ஒன்று முதல் நான்கு வரை பிரித்துத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்பு எதுவானாலும் நிலை ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

சூழ்நிலையியலுக்கு மதுரையைவிட நல்ல இடம் எது? அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கீழக்குயில்குடி சமணர் மலை, யானைமலை, வண்டியூர்க் கண்மாய் எல்லாம் பஸ் ஏறிப் போகிற தூரம். கீழடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போனோம். கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்றெல்லாம் பெயர்கள் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் கீறப்பட்டிருக்கின்றன. "அவங்களும் அவங்க பொருள்ல பேர் எழுதி வெச்சிருக்காங்க" என்று சொன்னதும் மகளுக்குப் பெரிய சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் தன் பெயரைக் கீறினாள். நோட்டில் எழுதச் சொன்னால் சிணுங்குகிறவள், அந்த ஓட்டை ஊரெல்லாம் காட்டினாள்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது 10-ஆம் பிரிவு. வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. பள்ளியில் சேராத பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4-ஆம் பிரிவு. பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் 'ஏ' நிலை மூன்றாம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புத் தேர்வை அங்கே 14 வயதில் எழுதலாம். நம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டாம் வகுப்பில் சான்றிதழுக்காகக் கவலைப்பட்டு விலையுயர்ந்த வெளிநாட்டு வாரியங்களைத் தேடி ஓட அவசியமில்லை. நாளைக்கே அரசுப் பள்ளியில் சேர்க்க நினைத்தாலும், மாநிலப் பாடநூலில் படித்த பிள்ளை சிரமமில்லாமல் போய் உட்காரும். நாங்களே மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ சேர்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் இருக்கிறோம்.

தங்கள் நாளிதழ் வழியாகப் பள்ளிக் கல்வித் துறைக்கு என் கோரிக்கை இதுதான். 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூல்களையும் ஆசிரியர் கையேட்டையும் பாடநூல் கழகம் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும். ஆசிரியை ஒருவர் சொந்தத்தில் இருப்பதால் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பருவத்துக்கு ஒருமுறை அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்கு வந்து, அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து தங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளவும் அனுமதிக்க வேண்டும். உடல்நலக் குறைவால் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும், வேலைக்காக ஊர் ஊராகப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது உதவும். மதுரை மாவட்டத்தில் ஒரு சில ஒன்றியங்களிலாவது வரும் ஜூனில் இதைத் தொடங்கிப் பார்க்க முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஊமச்சிகுளம், மதுரை.