யார் கை உயர்த்தினார்கள் என்பதோடு ஏன் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.நா. வாக்கெடுப்பு என்றால் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, நடுநிலை எத்தனை என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒரு பெட்டி போடுகிறீர்கள், அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. லெபனானில் 1978இலிருந்து நிற்கிற அமைதி காக்கும் படையின் பணியை 2026 டிசம்பர் 31உடன் முடிப்பதென்று பாதுகாப்புச் சபை 2025 ஓகஸ்ட் 28 அன்று ஏகமனதாக முடிவெடுத்தபோதும் இதுதான் நடந்தது. 15 நாடுகளும் ஆதரவு, சரி. அமெரிக்காவும் இஸ்ரேலும் எவ்வளவு அழுத்தம் கொடுத்தன, அங்கே எல்லையோரக் கிராமத்துச் சனம் என்ன நினைக்கிறது என்பது பற்றி ஒரு வரி கிடையாது. இலங்கை இராணுவத்தினரும் இருக்கிற படை அது, எங்கள் வாசகர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் கை உயர்த்தலுக்குப் பின்னால் உள்ள காரணம் பல தடவை அந்த நாட்டுச் சனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது. குவாத்தமாலாவைப் பாருங்கள். 36 வருட உள்நாட்டுப் போர், இரண்டு இலட்சம் பேர் வரை செத்தும் காணாமலும் போனார்கள், பெரும்பாலானோர் மாயா பழங்குடி மக்கள். 1996 டிசம்பரில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாகி, போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க 155 இராணுவ அவதானிகளை அனுப்பும் பிரேரணை 1997 ஜனவரி 10 அன்று பாதுகாப்புச் சபைக்கு வந்தது. 14 நாடுகள் ஆதரவு. சீனா வீட்டோ, அதாவது ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று தனியாக எதிர்த்தாலே பிரேரணை விழுந்துவிடும். காரணம், சீனா தன்னுடையது என்று சொல்கிற தாய்வானோடு குவாத்தமாலா உறவு வைத்திருந்ததும் ஒப்பந்த விழாவுக்குத் தாய்வான் பிரதிநிதியைக் கூப்பிட்டதும்தான்! பத்து நாளில் பேசித் தீர்த்து அதே விஷயம் ஏகமனதாக நிறைவேறியது என்பது வேறு கதை. 14-1 என்று மட்டும் வாசித்தவருக்கு இதில் என்ன விளங்கியிருக்கும்?

ஜோர்ஜியாவில் 2009 ஜூன் 15, முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1993இலிருந்து அங்கிருந்த ஐ.நா. அவதானிகளின் காலத்தை நீடிக்க 10 நாடுகள் வாக்களித்தன, ரஷ்யா வீட்டோ போட்டது, அவதானிகள் மூட்டை கட்டினார்கள். ஜோர்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கிற அப்காசியா யாருடையது என்பதுதான் சண்டை.

எங்கள் விஷயத்தில் அந்த அளவுகூட நடக்கவில்லை. 2008 செப்டெம்பரில் கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடி நின்று போகாதேங்கோ என்று கெஞ்சியும் வாகனங்கள் புறப்பட்டன. போரின் கடைசி மாதங்களில் இலங்கை பாதுகாப்புச் சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏறவேயில்லை, வாக்கெடுப்புக்கும் இடமில்லை. பிறகு 2009 மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை அரசைப் பாராட்டி 29 வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றியது, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியா, சீனா, ரஷ்யா, கியூபா, பாகிஸ்தான் எல்லாம் ஒரே பக்கம். அப்போது எங்கள் சனம் செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நாடுகள் அன்றைக்கு ஏன் ஒன்றாக நின்றன என்பதை இன்றுவரை தமிழில் ஒழுங்காக விளக்கி யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை.

2025 ஒக்டோபரில் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வாக்கெடுப்பில்லாமல் நிறைவேறியது. எண்ணிக்கை இல்லாததால் செய்தியும் சிறுத்துப்போயிற்று. ஆனால் போர்க்காலச் சாட்சியங்களைச் சேகரிக்கும் வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீடித்தது அந்தத் தீர்மானம்தான். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்களே, அந்த அம்மாக்கள் பத்திரிகையில் தேடுவது இதைத்தான். அப்படி ஒரு அம்மா மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை என்னிடம் நீட்டி, "தம்பி, இதில எங்கட பிள்ளையளைப் பற்றி எந்த இடத்தில கிடக்கு?" என்று கேட்டார். முழுக்க வாசித்தேன், நாடுகளின் பெயர்கள்தான் இருந்தன.

வாக்களிக்கும் முன்னும் பின்னும் நாடுகளின் பிரதிநிதிகள் தங்கள் காரணத்தைச் சபையில் பேசுகிறார்கள். பாதுகாப்புச் சபையில் அந்தப் பேச்சு சொல்லுக்குச் சொல் கூட்டப் பதிவில் ஏறுகிறது, யாரும் எடுத்து வாசிக்கலாம். ஆறு மொழிகளில் வருகிறது, தமிழில் வராது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அடுத்த முறை பெட்டியைச் சின்னதாகப் போட்டுவிட்டு, தீர்மானத்தின் முக்கியமான பந்திகளையும் இரண்டு மூன்று நாடுகள் சொன்ன காரணத்தையும் தமிழில் தாருங்கள். அரைப் பக்கம் போதும், விளையாட்டுப் பக்கத்தில் ஒரு நாள் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி