காரணம் கேட்கும் விதி கடவுளிடம் மட்டும் ஏன் நிற்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடம் இருந்தால் குயவர் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே பிரபஞ்சத்தைப் படைத்த கடவுளும் உண்டு, இது தர்க்கம், மறுக்கவே முடியாது என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடவுளை நம்புகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தால் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன், அது அவரவர் உரிமை, என் வீட்டிலும் தினமும் விளக்கேற்றுகிறார்கள். தர்க்கம் என்று சொல்லிவிட்டால் அதற்குரிய கேள்விகளைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளுக்கும் இருக்க வேண்டும். அவருக்குத் தேவையில்லை என்றால், காரணமில்லாமலும் ஒன்று இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. சரி, அந்த ஒன்று பிரபஞ்சமாகவே ஏன் இருக்கக்கூடாது? "அப்போ கடவுளை யார் படைச்சா?" என்று கேட்கும் பிள்ளைகளை அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிடுகிறோம். இந்த வாதத்தின் பெரிய ஓட்டையைத்தான் அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

ஓட்டையை அடைக்க முயன்றவர்கள் உண்டு. தொடக்கம் உடையவற்றுக்கு மட்டுமே காரணம் வேண்டும் என்ற வடிவில் 11ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி வாதிட்டார். கடவுளுக்குத் தொடக்கம் இல்லை, எனவே விதி அவரைத் தொடாது. நன்றாக யோசித்த வாதம்தான். ஆனால் நாம் கண்ட தொடக்கங்கள் எல்லாமே, ஏற்கெனவே இருந்த பொருள் வேறு உருவம் எடுத்தவை. நம் சைவ சித்தாந்திகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குடத்துக்கு மூலப்பொருளான மண் முதற்காரணம், கருவிகளான கோலும் சக்கரமும் துணைக்காரணம், செய்பவரான குயவர் நிமித்த காரணம் என்று பிரித்து, இறைவனைக் குயவர் இடத்தில் வைத்த அவர்கள், மண்ணின் இடத்தில் இருக்கும் மாயையும், அதாவது உலகின் மூலப்பொருளும், அநாதி, தொடக்கமற்றது என்றே சொன்னார்கள். அதாவது குடத்தை வைத்து வாதிட்டால் கிடைப்பவர் இருந்த மண்ணை வனைந்தவர். ஒன்றுமே இல்லாததிலிருந்து உலகை உண்டாக்கியவர் அல்ல.

அடுத்து, அந்த வாசகர் தம் வாதத்துக்குத் துணைக்கு அழைக்கும் பெருவெடிப்பு. சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் கடும் வெப்பமும் அடர்த்தியுமான நிலையிலிருந்து விரிந்தது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன, ஆனால் அதற்கும் பின்னே போகப் போக ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே கைவிட்டுவிடுகின்றன, 'அதற்கு முன்' என்று பேசுவதற்கு அங்கே பொருள் உண்டா என்பதுகூட இயற்பியலில் இன்னும் தீராத கேள்வி. இந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியல், கடவுள் உலகைப் படைத்ததற்குச் சான்றளிப்பதுபோலப் பேசியது லெமெய்த்ருக்கே பிடிக்கவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை.

இன்னொன்று. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பதால் மொத்தத்துக்கும் ஒரு காரணம் இருந்தே தீரும் என்று ஆகாது. ஒவ்வொரு மனிதருக்கும் தாய் உண்டு, அதனால் மனித இனத்துக்கே ஒரு தாய் உண்டா என்று 1948ல் பிபிசி வானொலி விவாதத்தில் பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் கேட்டார்.

இதையெல்லாம் மேல்நாட்டு நாத்திகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வேதத்தை உயிராக மதித்த, வேத விளக்கத்தையே தத்துவமாக வளர்த்த மீமாம்சை மரபின் குமாரில பட்டர், கருணையால் கடவுள் உலகைப் படைத்தார் என்றவர்களிடம், படைப்புக்கு முன் உயிர்களே இல்லாதபோது யார்மீது கருணை என்று கேட்டவர்.

நம் சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையையே பாருங்கள். ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஜாமியா சூலியா பள்ளிவாசல், அதே சாலையில் புத்தரின் பல்லைப் போற்றும் ஆலயம். முதல் இரண்டு இடங்களிலும் இதே வாதத்தைச் சொல்லலாம், கிடைக்கும் கடவுள் வேறு வேறு. புத்த மதத்துக்கோ படைப்புக் கடவுளே தேவைப்படவில்லை. சமய நல்லிணக்கம் கருதி இதைப் பேசாமல் விடுவதே மேல் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஒரு வாதத்தைச் சோதிப்பது யாருடைய வழிபாட்டையும் அவமதிப்பது ஆகாது.

அந்த வாசகர் பதில் எழுதினால் ஒன்றை மட்டுமாவது விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலான காரணம் ஒன்று இருந்தே தீரும் என்று வைத்துக்கொண்டாலும், அது ஒன்றே ஒன்றுதான், அதற்கு அறிவும் அன்பும் உண்டு, நம் வேண்டுதலைக் கேட்கும் என்பதெல்லாம் அவர் கடிதத்தின் எந்த வரியில் நிரூபணமானது?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஈசூன்