ஜூன் வெயிலை நினைத்துச் சீருடைத் துணி எடுங்கள்: தனியார் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அடுத்த கல்வியாண்டின் சீருடைக்கு ஆர்டர் கொடுக்கும் காலம் நெருங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் மாதிரி பார்த்து முடிவு செய்தால்தான் நூலுக்குச் சாயமேற்றி, நெய்து, பிராசஸிங் முடித்து, ஏப்ரல், மே மாதங்களில் தைத்து, பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகள் கையில் சேர்க்க முடியும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதிரித் துணியைத் தொட்டுப் பார்ப்பது மார்கழி, தை மாதங்களில். அப்போது எந்தத் துணியும் உடம்பை உறுத்தாது. பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு பள்ளி வேனில் ஏறுவதோ ஜூனில். துணி நெய்பவர்களும் சீருடை தைப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுவது அதனால்தான்.

வெயிலைக் காரணம் காட்டி 2023-இல் பள்ளி திறப்பு தள்ளிப்போனது; ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளுக்கு ஜூன் 12, சிறு வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு அறிவித்தது. தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்கிற பள்ளிகள் வந்துவிட்டன. நல்ல காரியம். ஆனால் காலை ஏழு மணிக்கு மாட்டிய உடையோடு பிள்ளை மாலை ஐந்து வரை இருக்கிறது. அந்த உடையைப் பற்றிப் பேச்சு எழவே இல்லை.

ஜூனில் சென்னையின் பகல் வெப்பம் சராசரியாக 37 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த வெப்பத்தில் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாகும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வேலூர், கரூர், மதுரைப் பக்கம் காற்று வறண்டிருப்பதால் வியர்வை சீக்கிரம் காயும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் காயாமல் வழியும். அங்கே வியர்வையைக் காய வைப்பது துணிக்கும் தோலுக்கும் நடுவே ஓடுகிற காற்று ஒன்றுதான். அந்தக் காற்றை அடைக்கிற எதையும் சீருடையில் வைக்கக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் துணி. இன்று கடைகளில் ‘காட்டன் மிக்ஸ்’ என்று விற்கும் சீருடைச் சட்டைத் துணியில் பெரும்பாலும் 65 அல்லது 67 சதவீதம் பாலியஸ்டர், மீதிதான் பருத்தி. பேண்டுக்கும் ஓவர்கோட்டுக்கும் வருவது பாலியஸ்டர்-விஸ்கோஸ் (விஸ்கோஸ் என்பது மரக்கூழிலிருந்து செய்யும் இழை). அதில் பெரும்பகுதி ராஜஸ்தானின் பில்வாராவிலிருந்து வருகிறது. நூறு கிராம் பருத்தி காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. அதனால்தான் பாலியஸ்டர் அதிகமுள்ள சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டுகிறது, அக்குளிலும் இடுப்பிலும் வேர்க்குரு கிளப்புகிறது.

விளையாட்டு வீரர்கள் பாலியஸ்டர்தானே போடுகிறார்கள் என்று சில நிர்வாகிகள் கேட்பதுண்டு. அது பின்னலாடை. வியர்வையை வெளிப்பக்கம் இழுத்துப் பரப்புவதற்கென்றே செய்த இழை, கண் திறந்த பின்னல். நெருக்கமாக நெய்த சீருடைத் துணிக்கு அந்தக் குணம் வராது.

பருத்தி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. கனமான பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். சட்டைக்கு 40-ஆம் நம்பர் நூலில் (நம்பர் கூடக் கூட நூல் மெலிதாகும்) நெருக்கமாக, வழவழப்பாக நெய்த பாப்ளின், சதுர மீட்டருக்கு 110 முதல் 125 கிராம் எடை, முழுப் பருத்தி. இது சரியாக இருக்கும். தூய வெள்ளையில் இந்த எடைத் துணி உள்ளாடையைக் காட்டும். ஆகவே வெள்ளையைவிட, சாயமேற்றிய நூலில் நெய்த சின்னக் கட்டம் மேல். வியர்வைக் கறையும் அதில் தெரியாது. இளநீலமும் சாம்பலும் வியர்வை ஈரத்தைப் பளிச்சென்று காட்டும். வளர்கிற பிள்ளைகள் அதற்கே கூசிப்போவார்கள். பேண்டுக்குப் பருத்தி பாதிக்கு மேல் இருக்கும் கலப்பு, தொழிலில் சிவிசி என்பார்கள், 180 முதல் 200 கிராம் போதும். எட்டாம் வகுப்பு வரை பையன்களுக்கு அரைக்கால்சட்டை வைத்தால் இன்னும் நல்லது.

பருத்தியில் எங்கே பிசகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சான்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடாத பருத்தி முதல் சில சலவைகளில் மூன்று முதல் ஐந்து சதவீதம் சுருங்கும். 32 அங்குலச் சட்டை ஒன்றரை அங்குலம் வரை குறைந்து, ஜூலையிலேயே பட்டன் இழுக்கும். பெற்றோர் பருத்தியைத்தான் குறை சொல்வார்கள். சான்ஃபரைஸ் துணி என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள். சாயம் ரியாக்டிவ் சாயமாக, அதாவது பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணையும் வகையாக இருக்க வேண்டும். மெரூன், கருநீலம் போன்ற அடர்நிறங்கள் பருத்தியில் வெயிலில் காயக் காய வெளுக்கும் என்பதால் சட்டைக்கு அவை வேண்டாம்.

இனி ஓவர்கோட். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குச் சுடிதாரும், துப்பட்டாவுக்குப் பதிலாகக் கையில்லாத ஓவர்கோட்டும் பல பள்ளிகளில் சீருடையாக இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் மார்பின் மேல் எத்தனை அடுக்கு என்று எண்ணிப் பாருங்கள்: உள்ளாடை, சிம்மீஸ், டாப்ஸ், ஓவர்கோட்டின் லைனிங், ஓவர்கோட். டாப்ஸ் 120 கிராம், லைனிங் 70, ஓவர்கோட் துணி 220 என்று வைத்தால், உள்ளே இருப்பதைக் கணக்கில் சேர்க்காமலே சதுர மீட்டருக்கு 410 கிராம். கனமான ஜீன்ஸ் துணியின் எடையும் ஏறக்குறைய அதுதான். பையனுக்கு ஒரு சட்டை, பனியன் என்றால் அதே வகுப்பறையில் பெண்ணுக்கு இவ்வளவு. லைனிங் துணி பெரும்பாலும் முழுப் பாலியஸ்டர் என்பதால் டாப்ஸ் பருத்தியாக இருந்தும் பயனில்லாமல் போகிறது. மடித்துப் பின் குத்திய துப்பட்டாவும் இதே கதைதான். இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட துணி நாலைந்து மடிப்பாகத் தோளிலும் மார்பிலும் உட்கார்ந்துகொள்கிறது.

ஓவர்கோட் எதற்காக வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கூச்சமில்லாத உடை வேண்டும், அதில் எங்களுக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதைக் காற்றை அடைக்காமலே செய்யலாம். டாப்ஸின் முன்பக்கத்துக்கு மட்டும், தோள் தையலிலிருந்து 13, 14 அங்குலம் இறக்கி, அதே பருத்தித் துணியில் இன்னோர் அடுக்கு வையுங்கள். தோளிலும் அக்குளிலும் பக்கத் தையலிலும் பிடித்து, கீழ் விளிம்பை மட்டும் மடித்து அடித்து விட்டுவிட வேண்டும். டாப்ஸோடு சேர்த்துத் தைக்கக் கூடாது. தைத்தால் உள்ளே காற்று தேங்கும், சலவையில் இரண்டு அடுக்கும் வேறு வேறு அளவில் சுருங்கிச் சுருக்கம் விழும். முதுகு ஒற்றை அடுக்காகவே இருக்கட்டும். கூடுதல் துணி அரை மீட்டருக்குள் அடங்கும். ஒரு முழு ஓவர்கோட்டின் துணியும் லைனிங்கும் தையல் கூலியும் மிச்சமாகும்.

அளவிலும் கவனம் வேண்டும். மார்பு அளவுக்கு மேல் நான்கு, ஐந்து அங்குலம் லூஸ், அரைக்கை, கை வாய் தாராளம். பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலமும் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலமும் துணி விட்டுத் தைத்தால் வளர்கிற பிள்ளைக்குப் பிரித்துவிடலாம். ஆண்டு முழுக்க இறுக்கமான உடையோடு உட்கார வேண்டியதில்லை.

டையை எடுத்துவிடுங்கள். உடம்புச் சூட்டில் சட்டைக்குள் சூடாகும் காற்று மேலேறிக் கழுத்து வழியாகத்தான் வெளியே போகும். விறைப்புக்காக ஃபியூசிங் என்னும் பசைத்துணி ஒட்டிய இரட்டைக் காலர், காலர்பட்டை, மேல் பட்டன், அதைச் சுற்றி எலாஸ்டிக் டை என்று அந்த வாயைப் பூட்டிவிடுகிறோம். காலர்பட்டை இல்லாத திறந்த காலரும், ஃபியூசிங்குக்குப் பதில் மெல்லிய பருத்தி இன்டர்லைனிங்கும் (காலருக்குள் வைக்கும் உள்துணி) போதும். உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில், கோடையில் வழக்கறிஞர்களுக்கே கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. வேட்டி கட்டி வருபவரைக் கிளப்புகளிலும் மன்றங்களிலும் தடுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. எட்டு வயதுப் பிள்ளைக்கு டை வேண்டும் என்பதற்கு எங்களுக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

ஷூவுக்கும் இதே நிலைதான். ரெக்சின் ஷூவும் நைலான் சாக்ஸும் பத்து மணி நேரம் போட்டால் விரலிடுக்கு வெந்துபோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷூ மறுநாளும் காயாமல் சேற்றுப்புண் வரும். பின்பட்டை வைத்த சாண்டலை ஆண்டு முழுக்க அனுமதியுங்கள். விளையாட்டுப் பாடவேளை உள்ள நாளுக்கு மட்டும் ஷூ.

மழைக்காலத்தில் பருத்தி காயாதே என்பது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. அந்த மூன்று மாதமும் மாடியில் கொடி கட்ட முடியாது. 120 கிராம் பாப்ளின், நன்றாகப் பிழிந்து ஃபேனுக்கு அடியில் ஹேங்கரில் போட்டால் ஓர் இரவில் காய்ந்துவிடும். காயாமல் நாற்றம் பிடிப்பது டிரில் என்னும் கனமான சாய்வரி நெசவுத் துணியும் லைனிங் வைத்த கோட்டும்தான். பேண்டுக்குக் கலப்புத் துணி சொன்னது அதற்காகவே. மூன்றாவதாக ஒரு சட்டை இருந்தால் நல்லது. ஓவர்கோட்டிலும் டையிலும் மிச்சமாகும் பணம் அதற்கு உதவும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பி.டி. டி-ஷர்ட்டை எந்த நாளிலும் போட்டு வரலாம் என்று சொல்லிவிட்டாலும் பெற்றோருக்குப் பெரிய நிம்மதி.

ஊட்டி, கொடைக்கானல் பள்ளிகளுக்கு இது எதுவும் பொருந்தாது; அங்கே கலப்புத் துணியும் ஸ்வெட்டரும் வேண்டியதுதான். மலையிலும் சமவெளியிலும் பள்ளிகள் நடத்தும் நிர்வாகங்கள் நிறத்தை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு துணியை ஊருக்கு ஏற்ப மாற்றலாம்.

வந்த துணி கேட்ட துணிதானா என்று பள்ளி அலுவலகத்திலேயே பார்க்க முடியும். பாவிலிருந்து (நீளவாட்டில் ஓடும் நூல்) ஒரு நூல், ஊடையிலிருந்து (குறுக்காக ஓடும் நூல்) ஒரு நூல் உருவித் தனித்தனியே கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாடையோடு மெல்லிய சாம்பல் விழுந்தால் பருத்தி. உருகிக் கடினமான மணியாக இறுகினால் பாலியஸ்டர். இரண்டு நூலையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், பாவில் ஒன்றும் ஊடையில் ஒன்றுமாக நெய்யப்படும் துணியும் உண்டு. எடைக்கு, 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி நகைக்கடைத் தராசில் நிறுத்து நூறால் பெருக்குங்கள், 1.2 கிராம் வந்தால் 120. சுருக்கத்துக்கு, 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் துணியில் பேனாவால் குறித்து மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்தால் தெரியும். 49-க்குக் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியோடு சேர்த்து ஓர் இரவு பாரம் வைத்துப் பார்த்தால், வியர்வையில் சாயம் விடுமா என்பதும் தெரிந்துவிடும். நீர் உறிஞ்சுகிறதா என்று பார்ப்பதை மட்டும் ஒரு முறை துவைத்த பிறகு செய்யுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருப்பதால் நல்ல பருத்தியிலும் தண்ணீர் முத்தாக நிற்கும்.

ஆர்டர் தாளில் நிறத்தின் பெயர் மட்டும் எழுதாமல் இழை, சதவீதம், நூல் நம்பர், எடை, சுருக்க அளவு, சாய வகை ஆறையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஈரோடு, சோமனூர், பல்லடம் வட்டாரத் தறிகளில் இந்தத் துணியைத் தாராளமாக நெய்து தர முடியும்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இந்த ஆண்டு துணியை மாற்ற முடியாது என்கிற பள்ளிகளும் இருக்கும். ஓவர்கோட், டை, ஷூ மூன்றையும் வரும் ஜூன் முதல் கட்டாயமில்லை என்று அறிவிக்க ஒரு சுற்றறிக்கை போதும். அதைப் பள்ளி திறக்கும் வரை வைத்திருக்காமல், பெற்றோர் கடைக்குப் போவதற்கு முன் ஏப்ரலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சீருடைத் துணி நெய்வோர், தைப்போர்