ஆரணி கைத்தறிப் பட்டு என்று வந்த விசைத்தறிச் சேலை

அனுப்புநர்: வாடிக்கையாளர், சத்துவாச்சாரி, வேலூர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: பொய்ப் பெயரில் விற்ற சேலை

ஐயா,

அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்காகப் போன மாதம் உங்கள் இணையக் கடையில் 12,400 ரூபாய்க்குச் சேலை வாங்கினேன். பச்சை உடல், அரக்குக் கரை. 'ஆரணி கைத்தறிப் பட்டு, கோர்வைக் கரை' என்று போட்டு, குழித்தறியில் நெய்பவர் படமும் வைத்திருந்தீர்கள். ஆரணியில் என் தாய்மாமாவே தறி வைத்திருக்கிறார். தறியில் இருந்தது வேறொருவருக்குப் பேசிய சேலை, விசேஷத்துக்கோ நாலே நாள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

விசேஷத்தன்று மாமா முந்தானையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பந்தி முடிந்த பிறகு கரையோரம் இரண்டு நூலைப் பிரித்துக் காட்டினார். உடலின் பச்சை ஊடை (குறுக்கே ஓடும் நூல்) நிற்காமல் கரையின் கடைசி வரை ஓடுகிறது. அரக்கு மங்கித் தெரிந்தது அதனால்தான். (நான் மண்டபத்து லைட் என்று நினைத்திருந்தேன்!) கோர்வை என்றால் உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து கோர்ப்பது. உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் தறிக் கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, எறிய பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். "இது விசைத்தறிம்மா" என்றார், அவ்வளவுதான்.

உங்களுக்குப் போன் செய்தால், "சில்க் மார்க் இருக்கே மேடம்" என்கிறார்கள். சரி, பட்டு இல்லை என்று யார் சொன்னது? நூலை எரித்தும் பார்த்தேன், முடி கருகும் வாசனைதான். சில்க் மார்க் பட்டு என்று மட்டுமே சொல்லும், கையால் நெய்தது என்று சொல்லாது. அதற்குத் தனியாகக் கைத்தறி முத்திரை உண்டு. அது இந்தச் சேலையில் இல்லை.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கிய 11 ரகங்களில் சேலையும் வருகிறது. மாமா நாள்கணக்கில் நெய்யும் சேலையும் உங்கள் சேலையும் ஒரே பெயரில் கிடந்தால், விலை குறைந்ததைத்தான் எவரும் எடுப்பார்கள். நானே எடுத்தேனே.

பணம் முழுதும் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பக்கத்தில் 'ஆரணி', 'கைத்தறி', 'கோர்வை' மூன்றையும் எடுங்கள், நெசவாளர் படத்தையும் எடுங்கள். இதே சேலை வாங்கிய மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கைத்தறித் துறையிலும் புகார் கொடுப்பேன்.

சேலையை எடுக்க ஆள் அனுப்புங்கள். மாமா பிரித்த இரண்டு நூல் மட்டும் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்