புலி மனிதர் கட்டுரையில விட்டுப்போன ஆட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ராஜஸ்தான்ல இருக்கிற ரந்தம்போர் புலிக்காடு பத்தியும், அதைக் காப்பாத்தின வன அதிகாரி ஃபதே சிங் ராத்தோர் பத்தியும் வந்த கட்டுரை படிச்சேன். படமெல்லாம் பிரமாதம், அந்த மீசையும் தொப்பியுமா அவர் ஜீப்ல நிக்கிற படம் ஒண்ணே போதும். ஆனா கட்டுரையும் அந்த மீசையோடயே நின்னுபோச்சு, அதான் எனக்கு குறை.

அவர் கதை பெரிய கதைதான், மறுக்கல. 1961ல இங்கிலாந்து ராணி வந்தப்ப அவங்க வீட்டுக்காரர் பிலிப்புக்கு அங்க புலிவேட்டை ஏற்பாடு பண்ணின ஆட்கள்ல இவரும் ஒருத்தர், அப்ப சின்ன அதிகாரி. அதே ஆளு 1973ல புலிகளைக் காப்பாத்த அரசாங்கத்தோட புலித்திட்டம் வந்த பிறகு அதே காட்டைக் காப்பாத்துற வேலையில உக்காந்தார், காட்டுக்குள்ள இருந்த ஊர்களை ஒண்ணொண்ணா பேசிப்பேசி வெளிய கொண்டுவந்தார், அவங்களுக்குன்னு கைலாஷ்புரின்னு புதுசா ஒரு ஊரே உண்டாச்சு. இதை உங்க நிருபர் "கிராமங்கள் இடம்பெயர்ந்தன"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டார், என்னமோ ஊருங்க தானா எந்திரிச்சு நடந்துபோன மாதிரி. தாத்தன் பாட்டன் கும்பிட்ட கோயிலை விட்டுட்டு வந்த சனங்க அழுதிருக்காதா, அதுல ரெண்டு வரி எழுதினா என்ன?

1981ல ஊர்க்காரங்க அவரை கட்டையால அடிச்சு, செத்துட்டார்னு நினைச்சு போட்டுட்டுப் போனாங்களே, அதை நீங்க வீரம்னு எழுதியிருக்கீங்க. வீரம்தான். ஆனா அடிச்சவங்க யாரு? மேய்ச்சலுக்கு காட்டுக்குள்ள விடலன்னு ஆத்திரப்பட்ட மாட்டுக்காரங்க. அவனுக்கு மாடு போனா சோறு போச்சு. அடிச்சது நியாயம்னு சொல்ல வரல, ஆனா அந்தக் கோபத்தை விட்டுட்டு அங்க நடந்த எதையுமே புரிஞ்சுக்க முடியாது.

அவர் ரிட்டயர் ஆனப்புறம் ஆரம்பிச்ச டைகர் வாட்ச் அமைப்பை ஒரு பத்தியில தாண்டிட்டீங்க, என் கணக்குல மெயின் மேட்டரே அதுதான். 2003, 2004லயே அந்த ஆட்கள் காட்டுல புலி குறையுதுன்னு கத்த ஆரம்பிச்சாங்க. யாரும் காதுல போட்டுக்கல, அரசாங்க சென்சஸ்ல 40க்கு மேல இருக்கேன்னு சொன்னாங்க. அப்புறம் 2005ல எண்ணினா 26. அதே சமயத்துலதான் அதே ராஜஸ்தான்ல சரிஸ்கா புலிகள் காப்பகத்துல ஒரு புலிகூட இல்லன்னு நாடே அலறுச்சு. 2008ல ஹெலிகாப்டர்ல சரிஸ்காவுக்கு புலி கொண்டுபோனாங்கன்னு எழுதினீங்களே, அது ரந்தம்போர்ல இருந்து போன புலிதான்னு ஒரு வார்த்தை சேத்திருக்கலாம்.

புலியை சுட்டது யாருன்னு டைகர் வாட்ச் தேடிப்போனப்ப தட்டுப்பட்டவங்க மோகியாக்கள். பரம்பரையா வேட்டையாடுற சனம், நிலம் கிடையாது, நிரந்தரமா ஒரு ஊரும் கிடையாது, வெள்ளைக்காரன் காலத்துல குத்தின குற்றப்பரம்பரை முத்திரை இன்னிக்கும் போகல, எங்க திருட்டு நடந்தாலும் போலீஸ் முதல்ல இவங்க குடிசைக்குத்தான் வரும். விவசாயிங்களே இவங்களை வயல்ல குடிசை போட்டு உக்காரச் சொல்லுவாங்க, எதுக்குன்னா காட்டுப்பன்னியும் நீல்காய் மானும் பயிர்ல இறங்காம நாட்டுத்துப்பாக்கியோட காவல் இருக்க. அந்தத் துப்பாக்கி ராத்திரியில எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்குத் தெரியும். தோலும் எலும்பும் வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து சீனா வரைக்கும் போகும், சுட்டவனுக்கு கிடைக்கிறது சில்லறை.

இதுல டைகர் வாட்ச் ரெண்டு வேலையும் சேத்து பண்ணுச்சு, அதான் எனக்குப் பிடிச்சது. ஒரு பக்கம் தகவல் சேகரிச்சு போலீஸுக்குக் குடுத்து ஆளைப் பிடிச்சாங்க, இன்னொரு பக்கம் அதே மோகியா பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் வெச்சு பள்ளிக்கூடம் அனுப்பினாங்க, பொம்பளைங்களுக்கு கைவினை வேலை ஏற்பாடு பண்ணினாங்க. அப்பனை உள்ள தள்ளின அமைப்பே மகனைப் படிக்க வெக்கிறது எவ்ளோ சிக்கலான உறவு பாருங்க, அந்த அப்பனுக்கு என்ன தோணியிருக்கும், இதையெல்லாம் ஒரு நிருபர் போய்க் கேக்க வேண்டாமா? தர்மேந்திர கண்டால்னு ஒரு விஞ்ஞானி பல வருஷமா இந்த வேலையில கிடக்கார், அவர் பேர்கூட கட்டுரையில இல்ல.

அப்புறம் 2013ல டைகர் வாட்ச் ஆரம்பிச்ச கிராமத் தன்னார்வலர்கள். சுத்துப்பட்டு ஊர்கள்ல மாடு மேய்க்கிறவங்க, விவசாயம் பாக்கிறவங்க, இவங்க கையில கேமராவைக் குடுத்து காட்டுக்கு வெளிய சுத்துற புலியைக் கவனிக்க வெச்சாங்க. புலிக்கு பார்க் எல்லை தெரியாது, இடம் பத்தாத இளம்புலிங்க கைலாதேவி, தோல்பூர் பக்கமெல்லாம் நடந்துபோயிரும், அங்க சஃபாரி ஜீப்பும் கிடையாது, பாக்கிறதுக்கு ஆளும் கம்மி. கால்தடம் பாத்து எது எந்தப் பக்கம் போச்சுன்னு மாட்டுக்காரன் சொல்ற மாதிரி ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்க சொல்லிருவாங்களா? 1981ல கட்டை எடுத்ததும் இதே மாதிரி ஆட்கள்தான், இதை நீங்க கவனிச்சிருந்தா கட்டுரையே வேற மாதிரி வந்திருக்கும்.

வடக்க நடக்கிற கதை நமக்கெதுக்குன்னு சிலர் நினைக்கலாம். 2023 பிப்ரவரியில நம்ம சத்தியமங்கலம் பக்கத்துலயே புலித்தோலோட வடநாட்டு வேட்டைக் கும்பல் பிடிபட்டுச்சே, அவங்களும் பவாரியான்னு இதே மாதிரி வேட்டைப் பரம்பரைச் சனம்தான். நம்ம பேப்பர்லயும் டிவியிலயும் கைது படம் வந்துச்சு, அதோட சரி, அந்தக் குடும்பங்க என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் எழுதல.

ஃபதே சிங் 2011 மார்ச் 1ஆம் தேதி காலமாயிட்டார். அவர் மகன் கோவர்தன் ஒரு டாக்டர், ரந்தம்போர் பக்கத்துல சவாய் மாதோபூர்ல சுத்துப்பட்டு ஊர் சனத்துக்காக ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடத்துறாங்க. இதுவும் உங்க கட்டுரையில இல்ல, மச்லி புலிக்கு மட்டும் ரெண்டு பக்கம் (மச்லி அழகுதான், வாதாடல).

அடுத்த தடவை யாரையாவது அங்க அனுப்பினா சஃபாரி டிக்கெட் எடுத்துக் குடுக்காதீங்க, கைலாஷ்புரிக்கும் மோகியா பிள்ளைங்க ஹாஸ்டலுக்கும் அனுப்புங்க. புலி மாட்டை அடிச்சா நஷ்டஈடு எத்தனை நாள்ல கைக்கு வருது, யார் கையெழுத்து வேணும், நடுவுல எவ்ளோ போகுதுன்னு மேய்க்கிறவங்ககிட்டயே கேட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
ஈரோடு